பாலிகிளினிக்குக்கு மருத்துவரைச் சேர்ப்பதும் தக்கவைப்பதும்

முன்னாள் படைவீரர் பங்களிப்பு சுகாதாரத் திட்டம் 2003 ஏப்ரல் 1 அன்று தொடங்கப்பட்டது. இ.சி.எச்.எஸ். என்று நாம் சொல்லும் அத்திட்டத்தின் பாலிகிளினிக்குகளில், அதாவது வெளிநோயாளர் மருத்துவ நிலையங்களில், மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர் என அனைவரும் ஒப்பந்த முறையிலேயே பணியமர்த்தப்படுகின்றனர். ஊதியத்தைத் தில்லியில் நிர்ணயிப்பதால், வேலூரிலோ நாகர்கோவிலிலோ உள்ள பொறுப்பு அதிகாரியால் அதில் ஒரு ரூபாய்கூடக் கூட்ட இயலாது. யாரைத் தேடுவது, எவ்வளவு விரைவாகச் சேர்ப்பது, சேர்ந்தவரின் வேலைநாளை எப்படி அமைப்பது என்ற மூன்றுமே அவர் கையில் உள்ளவை. மூன்றாவதுதான் ஆளைத் தக்கவைக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

அப்பகுதி இராணுவ நிர்வாகமான நிலையத் தலைமையகம் நாளிதழில் வெளியிடும் விளம்பரம் கட்டாயமானது, ஆனால் போதுமானதன்று. அதைப் பார்த்து வரும் இளம் எம்.பி.பி.எஸ். பட்டதாரிகளில் பலர் முதுநிலைப் படிப்புக்குத் தயாராகிக்கொண்டிருப்பவர்கள். இடம் கிடைத்ததும் போய்விடுவார்கள். ஆகவே, இராணுவ மருத்துவப் படையில் குறுகிய காலப் பணி முடித்து வெளிவருவோர், அரசு மருத்துவமனைகளில் 60 வயதில் ஓய்வு பெற்றோர் (விளம்பரத்திலுள்ள வயது வரம்பை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்), இரவுப் பணி இல்லாத வேலையை விரும்பும், சிறு குழந்தைகளை வைத்திருக்கும் மருத்துவர்கள் ஆகியோரைத் தேடிச் செல்ல வேண்டும். இந்திய மருத்துவச் சங்கத்தின் உள்ளூர்க் கிளைக்கு அறிவிப்பின் நகலை நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். படையில் முதல் வகுப்பு நர்சிங் உதவியாளர் பயிற்சி முடித்தவர்களை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் மூலம் எளிதில் கண்டறியலாம்.

நேர்காணலுக்கு முன்பே மருத்துவக் கவுன்சில் பதிவு, பயிற்சி மருத்துவர் சான்று, அனுபவச் சான்று ஆகியவற்றின் பட்டியலை அனுப்பிவிட்டால், ஒரு தாள் குறைந்ததற்காக நியமனம் வாரக்கணக்கில் தள்ளிப்போகாது. அடுத்த நிலையில் தேர்வானவர்களின் பெயர்களுக்கும் அப்போதே ஒப்புதல் பெற்று வையுங்கள்.

இனி, சேர்ந்தவரைத் தக்கவைப்பது. காலையில் வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத மருந்து வாங்க வந்த முதியவர்கள். அதே மாத்திரைகளைத் திரும்ப எழுதுவதிலும், வெளி மருத்துவமனைகளுக்கான பரிந்துரைச் சீட்டுகளைப் போடுவதிலுமே பொழுது கழிந்தால், நோயாளியைத் தொட்டுப் பார்த்துச் சிகிச்சையளிக்கும் நிறைவு மருத்துவருக்குக் கிடைப்பதில்லை. எடை, அழுத்தம், சர்க்கரை அளவு ஆகியவற்றைச் செவிலியர் முன்கூட்டியே குறித்துவைக்கட்டும். பரிந்துரையை மருத்துவர் முடிவு செய்ய, கணினியில் பதிவதை எழுத்தர் செய்யட்டும். மாத மருந்துக்கு வருவோருக்குத் தனி நாட்களை ஒதுக்குங்கள்.

கையிருப்பில் இல்லாத மருந்துக்கான கோபம் மருந்தாளுநர் மீதுதான் பாய்கிறது. அன்றைக்கு இல்லாத மருந்துகளின் பெயர்களையும், அங்கீகரிக்கப்பட்ட உள்ளூர் மருந்துக்கடை வழியாக அவை கிடைக்கும் முறையையும் பதிவு மேசையிலேயே எழுதி ஒட்டிவிட்டால் பாதித் தகராறு அங்கேயே தீரும். யாராவது படையில் வகித்த பதவியைச் சொல்லி வரிசையைத் தாண்டினாலோ ஊழியரை அதட்டினாலோ, பொறுப்பு அதிகாரி தம் அறையிலிருந்து எழுந்து வந்து பேச வேண்டும். அந்த வேலையை இளம் செவிலியரின் தலையில் கட்டக் கூடாது. அதே நேரம் புதிய மருத்துவருக்கும் சிலவற்றைச் சொல்லித்தர வேண்டும். பீரங்கிப் படையில் இருந்தவருக்குக் காது மந்தமாக இருக்கலாம். அவர் உரக்கப் பேசுவதைச் சண்டை என்று எடுத்துக்கொள்ளாமல், எதிரே அமர்ந்து, முகம் பார்த்து, நிறுத்தி நிறுத்திப் பேசினால் குரல் தானாகவே தணியும். கணவரை இழந்து குடும்ப ஓய்வூதியத்தில் வாழும் அம்மாக்கள் தங்கள் நோயைத் தாங்களாகச் சொல்லமாட்டார்கள், கேட்டால்தான் சொல்வார்கள்.

வருகைப் பட்டியலை மாதக் கடைசியிலேயே அனுப்பிவிடுங்கள். ஊதியம் தாமதமாவதைப் போல ஒப்பந்த ஊழியரின் மனத்தைக் கலைப்பது வேறொன்றில்லை. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் பணியை அது முடிவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பே தொடங்கி, பரிந்துரைத்த விவரத்தை உரியவருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். அப்படியும் ஒருவர் விலகினால், உண்மையான காரணத்தைக் கேட்டு எழுதி வாங்கி, காலியிட அறிக்கையுடன் சேர்த்து இ.சி.எச்.எஸ். மண்டல மையத்துக்கு அனுப்புங்கள்.