தாளிலிருந்து சுவருக்கு: நகரத்தை வரையும் கார்ட்டூனிஸ்ட் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நகர வாழ்க்கையைக் கேலிச்சித்திரமாகவும் சித்திரக்கதையாகவும் வரைந்துவரும் ஒருவர் பொதுச்சுவர் ஒன்றை ஏற்கும்போது, தாளில் கைகொடுத்ததெல்லாம் அங்கும் கைகொடுக்கும் என்று நம்பிவிடுகிறார். பெரும்பாலான தவறுகள் இந்த நம்பிக்கையில்தான் தொடங்குகின்றன. புத்தகத்தை வாசகர் தாமாக விரும்பிப் பிரிக்கிறார். சுவரில் இருக்கும் படமோ அதைக் கேட்காதவர் கண்ணிலும் தினமும் படுகிறது.

தெருவில் போகிறவர் நின்று படிப்பார் என்று எதிர்பார்ப்பதே முதல் தவறு. எட்டுக் கட்டங்களில் ஓடும் கதையை அப்படியே சுவரில் ஏற்றினால், நடந்து போகிறவர் மூன்றாம் கட்டத்தைத் தாண்டும் முன்பே தெருமுனையைத் தாண்டிவிடுவார். பெல்ஜியத் தலைநகர் பிரஸ்ஸல்ஸில் 1991 முதல் காமிக்ஸ் பாத்திரங்களைச் சுவர்களில் தீட்டி வருகிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை கதை முழுவதையும் சொல்ல முயலாமல், ஒரே ஒரு கணத்தைப் பெரிதாக நிறுத்திக் காட்டுகின்றன. எழுத்தின் அளவிலும் இதே கவனம் வேண்டும். பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குல உயரம் என்பது விளம்பரப் பலகை எழுதுவோர் பின்பற்றும் தோராயக் கணக்கு. நாற்பது அடி அகலச் சாலையின் எதிர்ப்புறத்திலிருந்து படிக்க வேண்டிய வாசகத்துக்கு நான்கு அங்குலம் வேண்டும் என்று அது சொன்னாலும், ஞ, ணை போன்ற எழுத்துகளின் உள்வளைவுகள் தூரத்தில் அடைந்துபோவதால் தமிழுக்கு அதைவிடச் சற்றுத் தாராளமாகவே ஒதுக்குவது நல்லது. சுவரின் கீழ்ப்பகுதியை நிறுத்தப்பட்ட வண்டிகள் மறைக்கும், மழைநீர் சேறடிக்கும். நகைச்சுவையின் முடிச்சை அங்கே வைக்கலாகாது.

வண்ணம் பூசுவதில் காட்டும் அவசரம் இன்னும் விலை உயர்ந்த தவறு. புதிய சிமென்ட் பூச்சில் காரத்தன்மை மிகுதி என்பதால், ஏறத்தாழ நான்கு வாரம் ஆறவிட்டு, காரத்தைத் தாங்கும் ப்ரைமர் என்னும் அடிப்பூச்சை அடித்த பிறகே எமல்ஷன் வண்ணத்தைத் தொட வேண்டும். பழைய சுவரில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் அதைச் சுரண்டிவிட்டு மேலே வரைவது வீண்வேலை: பின்னாலிருந்து ஈரம் வரும்வரை உப்பும் வந்துகொண்டே இருக்கும், வண்ணம் செதில் செதிலாக உரியும். கசியும் குழாயைச் சரிசெய்யச் சொல்வதும் ஓவியரின் வேலைதான். வெயில் நேராக விழும் சுவரில் பளிச்சென்ற சிவப்பு, மஞ்சள் நிறமிகளில் பல விரைவில் வெளிறிவிடும். இரும்பு ஆக்சைடிலிருந்து வரும் காவியும் மண்மஞ்சளும் நெடுங்காலம் நிற்கும். முக்கியப் பாத்திரத்தின் சட்டை நிறத்தை முடிவுசெய்யும் முன் இதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

சித்திரக்கதைப் பக்கத்தில் அடிக்கடி காணும் குறை, படத்தை முழுவதும் வரைந்து முடித்துவிட்டு, மிஞ்சிய இடத்தில் பேச்சுக்குமிழைத் திணிப்பது. பேருந்துக் காட்சி ஒன்றில் “இது ஆஸ்பத்திரி வழியாகப் போகுமா?” என்று கேட்பவர் வலப்பக்கமும், “ஏறின பிறகு கேட்கிறீர்களே!” என்று பதில் சொல்பவர் இடப்பக்கமும் நின்றால், கண் இடமிருந்து வலமாக ஓடுவதால் பதில் கேள்வியை முந்திக்கொள்ளும், சிரிப்பு அங்கேயே செத்துப்போகும். முதலில் பேசுபவரை இடப்பக்கம் நிறுத்துவது, அல்லது அவருடைய குமிழைத் தெளிவாக மேலே ஏற்றுவது, பென்சில் நிலையிலேயே முடிவாக வேண்டிய விஷயம்.

இவற்றையெல்லாம்விட ஆழமான தவறு, பார்க்காமல் வரைவது. நெரிசல், வானளாவிய கட்டடங்கள், கைபேசியில் குனிந்த தலைகள் என்று எல்லோரும் வரையும் நகரம் எந்த ஊருக்கும் பொருந்தும், ஆகவே எந்த ஊரையும் காட்டாது. ஒரே சிக்னலில் ஒரு மணி நேரம் நின்றால், பச்சை விழும் முன்பே எந்த வண்டி உறுமத் தொடங்குகிறது, விளக்குக் கம்பத்தின் மெல்லிய நிழலில் வெயிலுக்காக எத்தனை பேர் வரிசையாக நிற்கிறார்கள் என்பதெல்லாம் கண்ணில் படும். ஆனால் அப்படிப் பார்த்த ஒருவரின் முகத்தை, தெருவே அடையாளம் காணும்படி அப்படியே கேலிக்குள் வைப்பது முறையன்று. பதவியில் இருப்பவரை அவர் செயலுக்காகக் கேலி செய்வதும், நடைபாதையில் பிழைப்பவரை அவர் தோற்றத்துக்காகக் கேலி செய்வதும் ஒன்றாகா. நான்கு பேரின் சாயலைச் சேர்த்து ஒருவரை உருவாக்குவதே நாகரிகம். அது கற்பனைக்கும் நல்லது.

வாய்மொழி அனுமதியை நம்பி ஏணியை எடுப்பவரும் உண்டு. சுவரின் உரிமையாளர், உள்ளாட்சி அமைப்பு ஆகிய இரு தரப்பின் ஒப்புதலும் தேவையா என்று விசாரித்து, படம் எத்தனை ஆண்டுகள் இருக்கும், பழுதானால் யார் செலவு, அழிக்கும் முன் தகவல் தரப்படுமா என்பவற்றை எழுத்தில் பெற வேண்டும். டெல்லியில் அரசின் மாநாட்டு மண்டபமான விஞ்ஞான் பவனில் சிற்பி அமர்நாத் சேகல் அமைத்த வெண்கலச் சுவர்ச்சிற்பம் 1979-இல் பெயர்த்தெடுக்கப்பட்டுச் சேதமடைந்தது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு, தன் படைப்பு சிதைக்கப்படுவதை எதிர்க்கப் படைப்பாளிக்குத் தரும் உரிமையின் அடிப்படையில், எஞ்சிய பகுதிகளைத் திருப்பித் தரவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் டெல்லி உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது 2005-இல்தான். நீண்ட வழக்கைவிட இரண்டு பக்க ஒப்பந்தம் எளிது.

வேலை முடிந்த நாளிலேயே நிழல் விழாத நேரத்தில் முழுச்சுவரையும் நேர்முகமாகவும், பகுதி பகுதியாகவும் படமெடுத்து, பயன்படுத்திய வண்ணங்களின் பெயரையும் குறியீட்டு எண்களையும் குறித்துவைக்கத் தவறுபவர்கள் பலர். அந்தக் குறிப்பு இருந்தால்தான் பின்னாளில் ஒரு மூலை உதிரும்போது வேறொருவர் வந்தும் அதே நிறத்தில் சரிசெய்ய முடியும்.