புதுச்சேரி மிஷன் வரலாறு எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரெஞ்சுப் புதுச்சேரியின் மத வரலாற்றை எழுத வருகிறவர்கள் ஆண்டையும் பெயரையும் பிழையாக எழுதினால் திருத்திவிடலாம். கீழே சொல்பவை கட்டுரையையே கவிழ்த்துவிடும்.

பாதிரிமார் எல்லாரும் ஒன்று என எண்ணுவது

திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டு எரிச்சலூட்டும் தவறு இது. புதுச்சேரியில் மூன்று தரப்புகள் இருந்தன. கப்புச்சின் சபையார் ஐரோப்பியரின் குருக்கள். தமிழ்க் கிறிஸ்தவர்கள் இயேசு சபையாரின் பொறுப்பு. பாரிஸ் வெளிநாட்டு மிஷன் சபையாருக்கும் இங்கே தனி இல்லம் இருந்தது. இவர்களுக்குள் ஓயாத பூசல்.

நைனியப்பப் பிள்ளை வழக்கைப் பாருங்கள். கும்பினியின் (பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின்) தலைமைத் தரகரான அவரை 1716இல் ஆளுநர் எபேர் சிறையில் அடைத்தார். அந்தப் பதவிக்கு ஒரு கிறிஸ்தவர் வரவேண்டும் என்று இயேசு சபையார் நெடுநாளாகவே வற்புறுத்திவந்தனர். நைனியப்பர் பொது இடத்தில் கசையடி பட்டு, 1717இல் சிறையிலேயே இறந்தார். ஆனால் அவர் குடும்பம் பிரான்சில் நீதி கேட்டபோது துணை நின்றவர்களும் பாதிரிமார்தான்: பாரிஸ் மிஷன் சபையார். தீர்ப்பு ரத்தானது. மகன் குருவப்பப் பிள்ளை பிரான்சு சென்று, ஞானஸ்நானம் பெற்று, செவாலியர் பட்டத்தோடு திரும்பித் தந்தையின் பதவியில் அமர்ந்தார். "பாதிரிகள் பழிவாங்கினார்கள்" என்று ஒரே வரியில் முடித்தால் இத்தனையும் காணாமல் போகும்.

ஒவ்வோர் ஆவணத்தின் ஓரத்திலும் நான்கைக் குறியுங்கள்: எழுதியது எந்தச் சபை, யாருக்கு, அப்போது ஆளுநர் யார், கேட்டது உத்தரவாக ஆனதா. நான்காவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். அதனால் அவர்கள் எழுத்தில் பாதிரியின் கோரிக்கையே அரசின் கொள்கையாகிவிடுகிறது. வேதபுரீசுவரர் கோயிலை அகற்றும்படி இயேசு சபையார் பல்லாண்டுகள் கேட்டனர். நெசவாளரும் வணிகரும் ஊரைவிட்டுப் போய்விட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்று ஆட்சியாளர்கள் தயங்கினார்கள். கோயில் இடிபட்டது 1748 செப்டம்பரில், ஆளுநர் துய்ப்ளே ஆட்சியில், ஆங்கிலேயர் நகரை முற்றுகையிட்டிருந்த நேரத்தில். கோரிக்கைக்கும் இடிப்புக்கும் நடுவே உள்ள அந்த இடைவெளிதான் எழுத வேண்டிய வரலாறு.

நாட்குறிப்பை மட்டும் நம்புவது

புதுச்சேரியின் அன்றாட நிகழ்வுகளை நாட்குறிப்பாக எழுதிவைத்த ஆனந்தரங்கப் பிள்ளை நைனியப்பரின் உறவினர். அதே பதவிக்குக் கிறிஸ்தவர்களோடு போட்டியிட்டவர். அவர் நாட்குறிப்பைப் புதுச்சேரி ஆலோசனைச் சபைப் பதிவுகளோடும் பாதிரிகளின் கடிதங்களோடும் ஒப்பிட்டே படியுங்கள்.

மலபார் சடங்குகள் 1704இல் ஒழிந்தன என்பது

இல்லை. தமிழ்க் கிறிஸ்தவர்கள் தொடர இயேசு சபையார் இடம்கொடுத்த இந்த உள்ளூர் வழக்கங்களுக்கு 1704இல் தடை வந்த பின்பும், 1744இலும் ரோம் தடை விதிக்க வேண்டியிருந்தது.

1905 சட்டத்தைக் குடியேற்ற நாடுகளுக்கெல்லாம் நீட்டுவது

பிரான்சில் அரசையும் திருச்சபையையும் பிரித்த அந்தச் சட்டம் தானாகக் கடல் கடக்கவில்லை. 43ஆம் பிரிவின்படி தனி ஆணை வேண்டும். மார்த்தினிக்குக்கு 1911இலும் மடகாஸ்கருக்கு 1913இலும் ஆணை வந்தது. பிரெஞ்சுக் கயானாவுக்கு வரவே இல்லை. அங்கே 1828ஆம் ஆண்டு அரசாணைப்படி கத்தோலிக்கக் குருக்களுக்கு இன்றும் அரசுப் பணத்திலிருந்தே சம்பளம்.