கோழை, பயந்தாங்கொள்ளி, பேடி: வேர் தேடுவது எப்படி

எங்கள் கொங்குப் பக்கம் தைரியம் இல்லாதவனைச் சொல்ல நாலைந்து சொல் இருக்கிறது. அவை எங்கிருந்து வந்தன என்று பார்க்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை, பொறுமை இருந்தால் போதும்.

முதலில் சொல்லை உடைத்துப் பாருங்கள். தொடைநடுங்கி சுலபம், தொடை நடுங்குகிறவன். மரத்தைக் கொத்துவது மரங்கொத்தி ஆன மாதிரியே பயம் கொள்கிறவன் பயங்கொள்ளி, அதுதான் பேச்சில் நீண்டு பயந்தாங்கொள்ளி. பயம் வடமொழி, கொள் தமிழ். நாம் கடைந்து சாப்பிடும் கொள்ளுப் பருப்புக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

ஒலி ஒத்துப்போகிறது என்பதற்காக முடிச்சுப் போட்டுவிடாதீர்கள். கோழையைக் கோழியோடு சேர்த்து விளக்கம் சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கோழி என்றால் பயந்தவன் என்பது ஆங்கில வழக்கு; நம்மிடம் அது சண்டைக்காரப் பறவை, யானையையே ஒரு கோழி எதிர்த்து ஜெயித்தது என்ற கதையால்தான் உறையூருக்குக் கோழியூர் என்று பேரே வந்தது, சிலப்பதிகாரத்திலும் அந்தக் கதை வருகிறது.

அப்புறம் எல்லை தாண்டுங்கள். இதில் நாம் கொடுத்து வைத்தவர்கள், வாளையாரைத் தாண்டினால் மலையாளம், தாளவாடி மலையேறினாலே கன்னடம். பேடியை எடுத்துக்கொள்ளுங்கள். மலையாளத்தில் பேடி என்றால் பயம். கன்னடத்தில் கோழைக்கு ஹேடி என்று பேர், நம் பால் அங்கே ஹாலு, புலி ஹுலி, அதே கணக்கில் பேடி ஹேடி. மூன்று மொழியிலும் இருக்கிறது என்றால் சொல் பழையது என்று நம்பலாம். அவையில் பேச அஞ்சுகிறவன் கற்ற நூலை, போர்க்களத்தில் பேடி கையிலிருக்கும் வாளுக்கு ஒப்பிடுகிறது 727ஆம் குறள். ஆனால் தமிழில் இந்தச் சொல் ஆணும் பெண்ணும் அல்லாதவர்களையும் குறித்தது, அவர்களை இழிவுபடுத்தவும் பயன்பட்டது. வேரை ஆராயுங்கள், யாரையும் அப்படித் திட்டாதீர்கள்.

கடைசியாக வீட்டுப் பெரியவர்கள். அவர்களிடம் பொருள் கேட்டால் பாதிதான் கிடைக்கும். என் அமுச்சியிடம், அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டியிடம், தொடைநடுங்கி என்றால் என்ன என்று கேட்டேன், "பயந்தவந்தாங் கண்ணு" என்று முடித்துவிட்டார். சரி, யாரை அப்படிச் சொல்வீங்க என்று மாற்றிக் கேட்டதும்தான், ராத்திரி கரண்டு வந்தும் கிணத்து மோட்டாரைப் போடப் போகாமல் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்த ஒருவர் கதை முழுசாக வந்தது.