ஃப்ளஷ் டேங்கில் செங்கல் வைக்காதீர்கள்

2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு, சென்னையே லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றது. அப்போது எங்கள் குடியிருப்பில் பலர் செய்த முதல் காரியம், ஃப்ளஷ் டேங்குக்குள் ஒரு செங்கலைப் போட்டது. செங்கல் அடைக்கும் அளவுக்குத் தண்ணீர் குறையும், கணக்கு சரிதான். ஆனால் செங்கல் ஊறினால் உதிரும். அந்தத் தூள் அடி வாஷரில் போய் உட்கார்ந்தால் வாஷர் சரியாக மூடாது, ராத்திரி முழுக்கக் கழிப்பறைக் கோப்பைக்குள் தண்ணீர் வடியும். எங்கள் வீட்டில் இப்படித்தான் ஒருநாள் காலையில் மாடித் தொட்டி காலி!

தண்ணீர் நிரப்பி இறுக மூடிய ஒரு லிட்டர் பாட்டில் போதும், மிதவையில் இடிக்காமல் வையுங்கள். அதிலும் பேராசை கூடாது. தண்ணீர் பற்றாமல் இரண்டு முறை ஃப்ளஷ் செய்தால் மிச்சம் பிடித்தது எங்கே?

சத்தமில்லாத கசிவைத்தான் யாரும் பார்ப்பதில்லை. ராத்திரி படுக்கும் முன் டேங்கில் நாலு சொட்டு நீலம் விடுங்கள். அரை மணி நேரம் யாரும் ஃப்ளஷ் செய்யாமலே கோப்பையில் நீலம் இறங்கியிருந்தால் வாஷர் போய்விட்டது. போர் தண்ணீர் வரும் வீடுகளில் உப்புப் படிந்து வாஷர் சீக்கிரமே விறைத்துவிடும். மிதவை உயரமாக இருந்து, தண்ணீர் ஓவர்ஃப்ளோ குழாய் வழியாகப் போவது இன்னொரு வகை. இதில் நீலம் காட்டிக்கொடுக்கும் முன்பே மூடியைத் திறந்தால் கண்ணுக்குத் தெரியும்.

அப்புறம் இரண்டு பட்டன் டேங்க். ஆஸ்திரேலியாவின் கரோமா நிறுவனம் 1980-இல் கொண்டுவந்த யோசனை இது. இன்று பெரும்பாலும் சின்னதுக்கு 3 லிட்டர், பெரியதுக்கு 6. ஒருவர் ஒரு நாளில் நாலு முறை சின்னது, ஒரு முறை பெரியது என்றால் 18 லிட்டர். பழைய பத்து லிட்டர் டேங்கில் அதே ஆளுக்கு 50. ஆனால் இரண்டு பட்டனையும் சேர்த்து அமுக்குகிற கை நம் வீடுகளில் அதிகம். விருந்தாளிகளைச் சொல்லவே வேண்டாம்.

பழைய கோப்பையை வைத்துக்கொண்டு டேங்கை மட்டும் மாற்றுவதும் வீண்செலவு ஆகலாம். பத்து லிட்டருக்கு வடிவமைத்த கோப்பை ஆறு லிட்டரில் சுத்தமாகாது. வாங்கும்போது கோப்பையும் டேங்கும் ஒத்துப்போகுமா என்று கேட்டுவிடுங்கள். ஊருக்குப் போகும்போது டேங்குக்குக் கீழே, தண்ணீர் வரும் குழாயில் உள்ள ஆங்கிள் வால்வை மூடிவிட்டுப் போங்கள்.