பழைய ஸ்போர்ட்ஸ் கார் மூச்சுவிடக் குளிர்ந்த காற்று: ஒரு குளிர் அறை மெக்கானிக்கின் வழி

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் மீனும் இறைச்சியும் வைக்கிற குளிர் அறைகளைப் பழுதுபார்ப்பது என் பிழைப்பு. கோவில்பட்டியிலிருந்து இங்கே வந்து பதினான்கு வருடம் ஆகிறது, வீடு சாட்ஸ்வொர்த்தில். வாசலில் நிற்பது 1992ஆம் வருட மாஸ்டா எம்எக்ஸ்-5. 1.6 லிட்டர் இன்ஜின், டர்போ கிடையாது. காலை ஆறு மணிக்கு எடுத்தால் சொன்ன பேச்சைக் கேட்கும். அதே வண்டியை மதியம் ஹிக்கின்சன் ஹைவே நெரிசலில் இருபது நிமிடம் உருட்டிவிட்டு மேட்டில் மிதித்தால் இழுவையே இருக்காது. உள்ளே யாரோ கோலிக்குண்டைக் குலுக்குகிற மாதிரி ஒரு சத்தம் வேறு வரும்.

காரணம், இன்ஜின் இழுக்கிற காற்றின் சூடு. சூடான காற்று லேசானது. 30 டிகிரியில் உள்ளே போகிற காற்றோடு ஒப்பிட்டால், 60 டிகிரிக் காற்றில் அதே அளவுக்குள் ஏறக்குறைய 9 சதவீதம் பொருள் குறைவு. ஆக்ஸிஜன் குறைந்தால் எரிக்கிற பெட்ரோலும் குறையும், இழுவையும் குறையும். அதைவிட எனக்குக் கவலை தந்தது அந்தச் சத்தம்தான். உள்ளே போகும்போதே சூடாக இருக்கிற கலவை, அழுத்தும்போது தானாகவே பற்றிக்கொள்ளும். அதைத்தான் நாக்கிங் என்கிறோம். இந்த 1.6 இன்ஜினில் அந்தத் தட்டலை உணர்கிற நாக் சென்சார் இல்லை. எனவே கம்ப்யூட்டர் தானாக இக்னிஷன் டைமிங்கை, அதாவது ஸ்பார்க் அடிக்கிற நேரத்தை, பின்னுக்கு இழுத்துக் காப்பாற்றாது. அடி முழுக்கப் பிஸ்டனுக்குத்தான். உங்கள் வண்டியிலும் இந்தச் சத்தம் கேட்டால் முதலில் டைமிங்கைப் பாருங்கள். கம்பெனி வைத்தது 10 டிகிரி (இது சூடு இல்லை, இன்ஜின் சுற்றுகிற கோணம்). என் வண்டியின் முந்தைய சொந்தக்காரர் 14க்கு ஏற்றி வைத்திருந்தார். இறக்கியதும் சத்தம் பாதியாகிவிட்டது. மீதிப் பாதிக்குத்தான் கீழே சொல்கிற வேலை.

குளிர் அறை குளிரவில்லை என்று கூப்பிட்டால் நான் முதலில் கம்ப்ரசர் பக்கம் போவதில்லை. கதவு ரப்பரைத்தான் தடவிப் பார்ப்பேன். சூடு உள்ளே வருகிற ஓட்டையை அடைக்காமல் எவ்வளவு பெரிய மெஷின் வைத்தாலும் கரண்ட் பில்தான் ஏறும். காரும் அப்படித்தான். கடையில் பளபளவென்று விற்கிற ஏர் பில்டரை வாங்குவதற்கு முன்னால், சூடு எந்த வழியாக வருகிறது என்று கண்டுபிடியுங்கள்.

அதற்கு அளவு எடுக்க வேண்டும். இரண்டு கம்பி மாட்டுகிற டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று போதும். ஒரு கம்பி முன் பம்பர் வாய்க்குள், வெயில் படாத இடத்தில். இன்னொன்று ஏர் பில்டர் இருக்கிற பெட்டியான ஏர் பாக்ஸுக்குள், பில்டருக்கு முன்னால், அதாவது அழுக்குப் பக்கம். சுத்தமான பக்கத்தில் வைத்து கம்பி கழன்றால் அது இன்ஜினுக்குள் போய்விடும், அந்த விஷப்பரீட்சை வேண்டாம். மீட்டரை ஓட்டுகிறவர் பார்க்கக் கூடாது. என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, பிள்ளையின் பழைய கணக்கு நோட்டில் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை எழுதினாள். வெளியே 31 டிகிரி. 80 கிலோமீட்டர் வேகத்தில் ஏர் பாக்ஸுக்குள் 37. நெரிசலில் கால் மணி நேரம் நின்றதும் 59. மறுபடி ஓட ஆரம்பித்த பிறகும் 41க்கு இறங்க நாலு நிமிடம் எடுத்தது. அந்த நாலு நிமிடத்தில்தான் பைன்டவுனுக்கு மேலே இருக்கிற ஃபீல்ட்ஸ் ஹில் மாதிரி ஒரு மேடு வந்து நிற்கும்.

இந்த வண்டியின் அமைப்பைத் தெரிந்துகொண்டால் இந்த எண்கள் புரியும். ஏர் பாக்ஸ் இடது முன் மூலையில் இருக்கிறது. எரிந்த புகையை வெளியேற்றுகிற சூடான இரும்புக் குழாய், அதாவது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும், அதே இடது பக்கம்தான். காற்று உள்ளே போக வேண்டிய த்ராட்டில் வலது பக்கம். அதனால் பில்டரைத் தாண்டிய காற்று ஒரு நீளக் குழாய் வழியாக, ரேடியேட்டருக்குப் பின்னால் குறுக்கே கடந்து போகிறது. ரேடியேட்டர் ஃபேன் கக்குகிற வெந்நீர்ச் சூடு நேராக அந்தக் குழாயின் மேல்தான் அடிக்கும்.

கசிவைக் கண்டுபிடிக்க நான் குளிர் அறைக் கதவில் செய்கிற அதே வேலையைச் செய்தேன்: ஊதுபத்தி. முதலில் பானெட்டைத் திறந்து பெட்ரோல் வாடை இருக்கிறதா என்று மோந்து பாருங்கள். துளி வாடை இருந்தாலும் பத்தி கொளுத்தாதீர்கள், அதைச் சரிசெய்வதுதான் முதல் வேலை. வாடை இல்லையென்றால் பானெட்டை மூடி, இன்ஜினை ஓடவிட்டு, ஃபேன் சுற்ற ஆரம்பித்ததும் பத்தியைப் பம்பர் வாய்க்குள் நீட்டுங்கள். ரேடியேட்டரின் நடுவில் புகை சர்ரென்று உள்ளே போனது. பத்தியை மெதுவாக இடது ஓரத்துக்கு நகர்த்தினேன். ரேடியேட்டருக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைகிற இடைவெளி. அங்கே வந்ததும் புகை ஒரு கணம் தயங்கி, திரும்பி என் முகத்தில் அடித்தது. கூடவே சூடும் வந்தது. ரேடியேட்டரைத் தாண்டிப் போன காற்று ஓரமாகச் சுற்றி முன்னால் வந்து, ஏர் பாக்ஸ் வாய் அதையே மறுபடி குடித்துக்கொண்டிருந்தது.

பக்கத்து வீட்டுத் தாத்தா வேலி ஓரமாக நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளை, நாற்பது வருடம் மோட்டார் பட்டறையில் வேலை பார்த்தவர். தமிழ் கொஞ்சம்தான் வரும். குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்துவிட்டு, "தம்பி, கீழே பிளாஸ்டிக் எங்கே?" என்றார். அந்த ஒரு கேள்வி எனக்கு ஒரு மாதத்தை மிச்சப்படுத்தியது. மூக்குக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் தட்டு இருக்க வேண்டும். பழைய வண்டிகளில் யாராவது ஆயில் மாற்றும்போது கழற்றிவிட்டு, திரும்ப மாட்டாமலே விட்டுவிடுவார்கள். அது இல்லையென்றால் முன்னால் நுழைகிற காற்று ரேடியேட்டர் வழியாகப் போகாமல் கீழே நழுவிவிடும், சூடான காற்றும் கீழ்வழியாகச் சுலபமாக முன்னுக்கு வரும். பழைய தட்டு கிடைத்தால் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் 2 மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டில் வெட்டிக்கொள்ளலாம். நான் அதைத்தான் செய்தேன். ஆயில் வடிக்கிற இடத்துக்கு மட்டும் ஒரு மூடி விட்டேன்.

அப்புறம் ஓரங்கள். ரேடியேட்டரின் இரண்டு பக்கமும் மேலேயும் உள்ள இடைவெளிகளை நுரை ரப்பர் பட்டையால் அடைத்தேன். எங்கள் வேலையில் குளிர்க் குழாய்க்குச் சுற்றுகிற கருப்பு ரப்பர்தான் அது. தண்ணீர் குடிக்காது. 100 டிகிரிக்கு மேல் அதை நம்ப வேண்டாம், எனவே மேனிஃபோல்டுப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். வெறும் பஞ்சு நுரை வேண்டவே வேண்டாம், ஒரே மழையில் ஊறிக் கனத்துத் தொங்கிவிடும். ஃபேன் இறக்கைக்கும் பட்டைக்கும் நடுவே தாராளமாக இடம் விடுங்கள்.

இந்த இரண்டு வேலை முடிந்ததும் மறுபடி அளந்தோம். நெரிசலில் 59 இருந்தது 49 ஆனது. அதுவரைக்கும் ஒரு பார்ட் கூட வாங்கவில்லை.

மூன்றாவது, ஏர் பாக்ஸ் வாய்க்கு முன்னாலிருந்து ஒரு குழாய். 75 மில்லிமீட்டர் அகலத்தில், பிரேக் குளிர்விக்கப் பயன்படுத்துகிற வளையும் குழாய் சரியாக உட்காரும். அதன் வாய் ஏசி கண்டென்சருக்கு முன்னால் இருக்க வேண்டும். கண்டென்சரின் வேலையே சூட்டை வெளியே தள்ளுவதுதான், அதன் பின்னால் வைத்தால் போட்ட உழைப்பு வீண். குழாயைப் பம்பரின் அடிமட்டத்துக்கு இறக்காதீர்கள். டர்பனில் பெய்கிற மழைக்கு சாலை பத்து நிமிடத்தில் ஓடையாகும். இன்ஜினுக்குள் தண்ணீர் போனால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஏர் பாக்ஸ் வாயை விடக் கீழே வருகிற வளைவில் பென்சில் பருமனுக்கு ஒரு வடிகால் ஓட்டை போடுங்கள்.

நாலாவது, மேனிஃபோல்டுக்கும் ஏர் பாக்ஸுக்கும் நடுவே ஒரு தகட்டுத் திரை. 1 மில்லிமீட்டர் அலுமினியம், பாக்ஸிலிருந்து ஒரு விரல் தள்ளி. அந்த இடைவெளிதான் வேலை செய்கிறது. பாக்ஸில் ஒட்டிவிட்டால் தகடு சூட்டை அப்படியே கடத்திவிடும். குறுக்குக் குழாய்க்குப் பளபளப்பான பக்கம் வெளியே தெரிகிற மாதிரி உறை சுற்றினேன். கடல் காற்றில் சாதாரண ஸ்க்ரூ ஒரு வருடம் தாங்காது, எல்லாம் ஸ்டெயின்லெஸ் போடுங்கள்.

செய்யக் கூடாதவை என்று நான் நினைப்பதையும் சொல்லிவிடுகிறேன். பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு பானெட்டுக்குள் திறந்த கூம்பு பில்டர் மாட்டாதீர்கள். சத்தம் நன்றாக இருக்கும், ஆனால் குடிப்பது முழுக்க இன்ஜின் அறைச் சூடு. மேனிஃபோல்டுக்குத் துணிப்பட்டை சுற்றுவதும் இந்த ஊருக்கு ஆகாது. ஈரத்தைப் பிடித்து வைத்து இரும்பை அரிக்கும். காற்று சூடாகாமல் இருக்க, த்ராட்டிலுக்குப் போகிற சூடான கூலன்ட் குழாய்களைக் கழற்றிவிடச் சொல்வார்கள். இந்த 1.6 இன்ஜினில் ஐடில் வால்வுக்குள் இருக்கிற மெழுகு அந்தச் சூட்டில்தான் விரிந்து வழியை மூடுகிறது. சூடு போகாவிட்டால் ஐடில், அதாவது மிதிக்காதபோது இன்ஜின் சுற்றுகிற வேகம், உயரத்திலேயே நிற்கும். காற்று அந்த இடத்தைக் கடக்கிற நேரமோ கண் சிமிட்டுகிற நேரம். அதைத் தொடாதீர்கள்.

எல்லாம் முடிந்து, அதே சாலையில், அதே மதிய நேரத்தில், வெளியே 31 இருந்த நாளில் மறுபடி ஓட்டினோம். ஓடும்போது 33. நெரிசலில் 44. ஓட ஆரம்பித்து ஒரு நிமிடத்துக்குள் 35. கோலிக்குண்டுச் சத்தம் மேட்டிலும் இல்லை. ஆகஸ்டில் உள்நாட்டிலிருந்து பெர்க் காற்று வீசி, குளிர்காலத்திலேயே அனல் அடித்த ஒரு நாளிலும் எடுத்துப் பார்த்தேன், அன்றைக்கும் வரவில்லை.

மாதம் ஒருமுறை ரப்பர் பட்டை நழுவியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கிறேன். மழைக்குப் பிறகு வடிகால் ஓட்டையில் ஒரு ஈர்க்குச்சியை விட்டுக் குடைகிறேன், இலைச் சருகு வந்து அடைத்துக்கொள்கிறது.