முதல்முறை ஓவர்கிளாக் செய்பவர்கள் சறுக்கும் இடங்கள்

பிராசசரை ஓவர்கிளாக் செய்யப் போகிறேன், அதாவது நிறுவனம் வைத்த வேகத்துக்கு மேல் ஓட்டப் போகிறேன் என்றதும் பக்கத்தில் இருப்பவர் கேட்கும் முதல் கேள்வி, "எரிஞ்சு போயிடாதா?" என்பதுதான். பெரும்பாலும் எரியாது. இன்றைய பிராசசர்கள் சூடு எல்லையைத் தொட்டதும் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கு மேலும் சூடு ஏறினால் கணினியையே அணைத்துவிடும். இன்டெல் 12ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்களுக்கு அந்த எல்லை 100 டிகிரி செல்சியஸ், ஏஎம்டியின் ரைசன் 7 5800எக்ஸுக்கு 90.

உண்மையான தொல்லை சத்தமில்லாமல் வரும். கணினி வழக்கம்போல ஓடும், கேமும் வேகத்தை அளக்கும் பெஞ்ச்மார்க் நிரலும் ஓடும், ஆனால் எப்போதாவது ஒரு கணக்கை மட்டும் தப்பாகப் போடும். அந்தத் தப்பு சேமித்துக்கொண்டிருக்கும் புகைப்படத்திலோ விண்டோஸின் ஏதாவது ஒரு கோப்பிலோ போய் உட்கார்ந்துகொள்ளும். சில வாரம் கழித்து ஒரு ஜிப் கோப்பு திறக்க மறுக்கும்போது ஹார்டு டிஸ்க்கைத் திட்டுவோம், விண்டோஸைத் திட்டுவோம். ஓவர்கிளாக் நினைவுக்கே வராது. முதல்முறை செய்பவர்களின் தவறுகளில் பல இப்படித்தான் முடிகின்றன.

எது திறந்திருக்கிறது என்று பார்க்காமல் இறங்குவது

இன்டெல்லில் பிராசசர் பெயரின் கடைசியில் கே என்ற எழுத்து வேண்டும், கோர் ஐ5-12600கே போல. அது மட்டும் போதாது, மதர்போர்டும் இசட் வரிசையாக இருக்க வேண்டும்: இசட்690, இசட்790 போன்றவை. பி660, பி760 போர்டுகளில் ரேம் வேகத்தை ஏற்றலாம், பிராசசரின் வேகத்தைத் தீர்மானிக்கும் பெருக்கு எண்ணான மல்டிப்ளையரை ஏற்ற முடியாது. கே சிப்பையும் பி660 போர்டையும் சேர்த்து வாங்கிவிட்டு பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் மதர்போர்டு அமைப்புத் திரை) மல்டிப்ளையரைத் தேடிக்கொண்டிருப்பவர்கள் இன்றும் உண்டு.

ஏஎம்டி இதில் தாராளம். ரைசன் டெஸ்க்டாப் சிப்கள் பெரும்பாலும் பூட்டில்லாமல்தான் வருகின்றன. பி450, பி550, பி650 போன்ற நடுத்தர போர்டுகளே போதும். ஏ320, ஏ520, ஏ620 போர்டுகளில் மட்டும் முடியாது. சிப்பிலும் விதிவிலக்கு உண்டு. 2022இல் வந்த 5800எக்ஸ்3டியில் மல்டிப்ளையர் பூட்டப்பட்டிருந்தது. சிப்பின் மேல் அடுக்கிய கேஷ் என்ற வேக நினைவகம் அதிக வோல்டேஜைத் தாங்காது என்பதே காரணம். 2024இல் வந்த 9800எக்ஸ்3டியில்தான் அந்த வரிசையில் பூட்டு முழுதாகத் திறந்தது.

கே சிப்களின் பெட்டியில் கூலர் இருக்காது, தனியாகத்தான் வாங்க வேண்டும். கையில் மிஞ்சிய பழைய கூலரை மாட்டி ஓவர்கிளாக் செய்ய நினைத்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். மதர்போர்டில் பிராசசரைச் சுற்றியுள்ள மின்சாரப் பகுதியின் மேல் உலோக ஹீட்சிங்க் இருக்கிறதா என்றும் பாருங்கள். மலிவான போர்டில் பிராசசர் சூடாகும் முன்னரே அந்தப் பகுதி சூடேறி வேகத்தைக் கீழே இழுக்கும். எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) கேபினட்டோடு இலவசமாக வந்ததா? அப்படியானால் முதல் செலவு அதை மாற்றுவதற்குத்தான்.

பழைய கதையை நம்புவது

1998இல் இன்டெல் வெளியிட்ட செலரான் 300ஏ என்ற மலிவு சிப், பஸ் வேகத்தை (மல்டிப்ளையர் பெருக்கும் அடிப்படை வேகம்) 66இலிருந்து 100 மெகாஹெர்ட்ஸாக மாற்றினாலே 300 மெகாஹெர்ட்ஸிலிருந்து 450க்குப் போய்விடும். மலிவு விலை சிப்பில் உச்ச விலை சிப்பின் வேகம்! ஓவர்கிளாக்குக்கு இன்றும் இருக்கிற மவுசு அந்தக் காலத்தில் வந்தது.

இப்போது அந்த மிச்சத்தை நிறுவனங்களே பிழிந்து எடுத்துவிடுகின்றன. 12600கேயின் பெரிய கோர்கள் (பிராசசருக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதிகள்) ஒன்றிரண்டு மட்டும் வேலை செய்தால் 4.9 கிகாஹெர்ட்ஸ், எல்லாம் சேர்ந்தால் 4.5. இதைத் தட்டிக்கொட்டி எல்லாக் கோரிலும் 4.9, 5.0 என்று கொண்டுவரலாம். ஏறுவது சுமார் 10 சதவீதம். 4கே திரையில் கேம் ஆடுபவருக்கு அதுவும் கண்ணில் படாது, ஏனென்றால் அங்கே இழுத்துப் பிடிப்பது கிராபிக்ஸ் கார்டு. வீடியோ ரெண்டர், கம்பைல், 1080பியில் அதிக ஃப்ரேம் ரேட் கேம்: இவைதான் உங்கள் வேலை என்றால் கொஞ்சம் பலன் கிடைக்கும். மற்றபடி இது பொழுதுபோக்கு. அதில் தப்பொன்றும் இல்லை, ஆனால் அப்படி நினைத்துக்கொண்டே செய்யுங்கள்.

வோல்டேஜை ஆட்டோவில் விடுவது

வேகம் சிப்பைக் கெடுப்பதில்லை, வோல்டேஜ்தான் கெடுக்கும். பிராசசர் தின்னும் மின்சாரம் வேகத்தோடு நேர் விகிதத்தில் ஏறும், வோல்டேஜோடு வர்க்க விகிதத்தில் ஏறும். ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 4.5 கிகாஹெர்ட்ஸில் 1.20 வோல்ட் எடுக்கும் சிப்பை 4.9க்குக் கொண்டுபோக 1.35 வோல்ட் கொடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். வேகம் ஏறியது 9 சதவீதம். மின்சாரம், அதாவது வெப்பம், ஏறியது ஏறக்குறைய 38 சதவீதம். அதே 4.9 உங்கள் சிப்பில் 1.27இலேயே நின்றால் இந்த 38, 22 ஆகிவிடும். ஓவர்கிளாக்கில் திறமை என்பது இந்த இடைவெளியைக் கண்டுபிடிப்பதுதான்.

மதர்போர்டு அந்த வேலையை உங்களுக்காகச் செய்யாது. மல்டிப்ளையரை ஏற்றிவிட்டு வோல்டேஜை ஆட்டோவில் விட்டால், எந்த மட்டமான சிப்பும் பூட் ஆக வேண்டும் என்பதற்காக அது தாராளமாக அள்ளிக் கொடுக்கும். ஒரே கிளிக்கில் ஓவர்கிளாக் என்று பயாஸில் வரும் பொத்தான்களும் பல போர்டுகளில் இதே கதைதான்.

வோல்டேஜ் மெதுவாக என்ன செய்யும் என்பதற்கு 2024இல் இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்களே சாட்சி. ஓவர்கிளாக்கே செய்யாத சிப்களும் மாதக்கணக்கில் ஓடிய பின் தடுமாறத் தொடங்கின. கேம் பாதியில் நின்றது, கிராபிக்ஸ் மெமரி போதவில்லை என்று சம்பந்தமில்லாத பிழைச் செய்தி வந்தது. தேவைக்கு மேல் போன வோல்டேஜ் சிப்பைத் தேய்த்துவிட்டது என்று இன்டெல்லே சொன்னது. வாரண்டியை 2 ஆண்டு நீட்டித்தது. ஆகஸ்டில் வந்த 0x129 மைக்ரோகோடில் (பயாஸ் வழியாக வரும் சிப்பின் உள் நிரல்), சிப் கேட்கும் வோல்டேஜுக்கு 1.55 என்று வரம்பு வைத்தது. தேய்ந்த சிப்பை அந்தத் திருத்தம் மீட்காது, இனிமேல் தேயாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். இந்தத் தலைமுறைச் சிப் வைத்திருப்பவர் வேறு எதையும் தொடும் முன் பயாஸைப் புதுப்பிக்க வேண்டும்.

இன்னொரு பொறி லோடு லைன் கேலிப்ரேஷன், அதாவது வேலை ஏறும்போது வோல்டேஜ் இறங்குவதை எவ்வளவு தடுப்பது என்ற பயாஸ் அமைப்பு. பயாஸில் 1.30 வைப்போம், சிப்புக்கு வேலை ஏறியதும் அது 1.23, 1.22 என்று இறங்கும். கோளாறு என்று நினைத்து இந்த அமைப்பை உச்சத்தில் வைப்பவர்கள் அதிகம். இறக்கம் வேண்டுமென்றே வைக்கப்பட்டது. உச்சத்தில் வைத்தால், வேலை சட்டென நிற்கும் அந்தக் கணத்தில் வோல்டேஜ் நீங்கள் வைத்த எண்ணையும் தாண்டி எகிறும். எச்டபிள்யூஇன்ஃபோ போன்ற கண்காணிப்பு மென்பொருளால் அதைப் பார்க்கவும் முடியாது, அவ்வளவு சிறிய நேரம். நடு அளவில் வையுங்கள். அந்த நடுவை அடுத்தவர் வீடியோவிலிருந்து எடுக்காதீர்கள். ஏசஸ் போர்டில் எண் ஏற ஏற வலு கூடும், எம்எஸ்ஐ, ஆஸ்ராக் போர்டுகளில் 1 என்பதுதான் உச்சம்.

அடுத்தவர் எண்ணைக் காப்பியடிப்பது பொதுவாகவே பக்கத்து வீட்டுக்காரர் மூக்குக் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொள்வது போல. ஒரே மாடலில் ஒரு சிப் 1.25இல் நிற்கும், இன்னொன்று 1.35 கேட்கும். மல்டிப்ளையரை ஒவ்வொரு படியாக ஏற்றி உங்கள் சிப் எங்கே முரண்டு பிடிக்கிறது என்று நீங்களேதான் பார்க்க வேண்டும். 12600கேயில் லோடு இருக்கும்போது 1.30க்கு மேல் கேட்டால் ஒரு படி கீழே இறங்கிவிடுவதே என் கட்சி. அந்த 100 மெகாஹெர்ட்ஸுக்காக அவ்வளவு சூடு எதற்கு?

ரைசனில் பழைய முறையைப் பின்பற்றுவது

ரைசன் 9 5900எக்ஸில் ஒரு கோர் மட்டும் ஓடும்போது வேகம் தானாகவே 4.8 கிகாஹெர்ட்ஸ் வரை போகும். அதை எல்லாக் கோரிலும் 4.5 என்று கையால் பூட்டினால் சினிபெஞ்ச் என்ற பெஞ்ச்மார்க்கின் மதிப்பெண் ஏறலாம், ஆனால் ஒன்றிரண்டு கோரை நம்பி ஓடும் கேமும் தினசரி வேலையும் மெதுவாகும். ஓவர்கிளாக் செய்து கணினியை மெதுவாக்கிய கதை இது. ரைசனில் பிபிஓவும் (சிப் தானாக வேகம் ஏறுவதற்கான மின் வரம்பைத் தளர்த்தும் அமைப்பு) கர்வ் ஆப்டிமைசரும்தான் சரியான வழி. கர்வ் ஆப்டிமைசரில் ஒவ்வொரு கோருக்கும் கொஞ்சம் வோல்டேஜைக் குறைத்தால், மிச்சமாகும் சூட்டில் சிப் தானே வேகம் ஏறும்.

அங்கேயும் இரண்டு குழி. வோல்டேஜ் போதாதபோது ரைசன் எப்போதும் கிராஷ் ஆவதில்லை. திரையில் 4.8 என்று காட்டிக்கொண்டே உள்ளுக்குள் ஒவ்வொரு கடிகாரத் துடிப்பையும் நீட்டி மெதுவாக ஓடும். அதனால் கிகாஹெர்ட்ஸை நம்பாமல் மதிப்பெண்ணைப் பாருங்கள். எண் ஏறி மதிப்பெண் இறங்கினால் அளவு தாண்டிவிட்டது என்று அர்த்தம். இரண்டாவது, கர்வ் ஆப்டிமைசர் தப்புகள் கனமான சோதனையில் சிக்காது. முழு லோடில் வேகம் குறைந்துவிடும், சிப் உச்ச வேகத்துக்குப் போவது லேசான வேலையில்தான். எடுத்ததுமே எல்லாக் கோருக்கும் மைனஸ் 30 என்று பெரிய குறைப்பு வைத்தவரின் கணினி ப்ரைம்95 என்ற கனமான சோதனையை இரவு முழுக்கத் தாங்கும், காலையில் பேப்பர் படிக்கும்போது ரீஸ்டார்ட் ஆகும். கோர்சைக்ளர் என்ற இலவசக் கருவி ஒவ்வொரு கோராக எடுத்துச் சோதிக்கும். அதை இரவில் ஓடவிட்டுவிடுங்கள்.

பத்து நிமிடம் ஓடியதும் ஜெயித்துவிட்டதாக நினைப்பது

எல்லாத் தவறிலும் பெரியது இது. சினிபெஞ்ச் பத்து நிமிடம் ஓடினால் சூடு எவ்வளவு போகும் என்று தெரியும், கணக்கு சரியா என்று தெரியாது. ப்ரைம்95 பெரிய பகா எண்களைத் தேடுவதற்காக எழுதப்பட்ட நிரல். விடையைத் தானே சரிபார்க்கும், தப்பு வந்தால் அந்தக் கோரை நிறுத்திச் சொல்லிவிடும். ஓசிசிடி என்ற சோதனை நிரலும் அப்படியே பிழையைக் கண்டுபிடித்துச் சொல்லும். இவற்றைச் சில மணி நேரம் ஓடவிட வேண்டும். பிறகு நீங்கள் உண்மையில் செய்யும் வேலையையும் சில நாள் செய்து பார்க்க வேண்டும்.

விண்டோஸின் ஈவென்ட் வியூவரை யாரும் திறந்து பார்ப்பதில்லை. அங்கே வீயா-லாகர் (WHEA-Logger) என்ற பெயரில், எண் 19 போட்டு எச்சரிக்கை இருந்தால், பிராசசரில் ஒரு பிழை வந்து வன்பொருளே அதைத் திருத்திக்கொண்டது என்று பொருள். ப்ளூ ஸ்கிரீன் வரவில்லையே என்று சந்தோஷப்பட வேண்டாம். திருத்த முடியாத பிழை அடுத்து வரலாம். வோல்டேஜை ஒரு படி ஏற்றுங்கள், அல்லது வேகத்தை ஒரு படி இறக்குங்கள்.

ரேமை அதன் பெட்டியில் போட்ட வேகத்துக்கு ஏற்றும் எக்ஸ்எம்பி, எக்ஸ்போ அமைப்புகளும் ஓவர்கிளாக்தான், பெட்டியிலேயே அச்சிட்டிருந்தாலும். அதையும் பிராசசரையும் ஒரே நாளில் மாற்றினால் கிராஷ் வரும்போது யார் குற்றவாளி என்று தெரியாது. முதலில் ரேமை மட்டும் ஏற்றி மெம்டெஸ்ட்86 அல்லது டெஸ்ட்மெம்5 ஓட்டுங்கள். அது தேறிய பிறகு பிராசசருக்கு வாருங்கள். தொடக்கத்தில் "பெரும்பாலும் எரியாது" என்றேனே, அந்த விதிவிலக்கும் இங்கேதான் இருக்கிறது. 2023இல் சில ரைசன் 7000எக்ஸ்3டி சிப்கள் உண்மையாகவே கருகின. எக்ஸ்போவை இயக்கியபோது போர்டுகள் எஸ்ஓசி வோல்டேஜை (சிப்பில் ரேமோடு பேசும் பகுதிக்கானது) மிக அதிகமாக ஏற்றியது அம்பலமானது, ஏஎம்டி அதற்கு 1.3 வோல்ட் என்று உச்சவரம்பு போட்டது. அதற்கு முந்தைய பயாஸோடு ஓடும் ஏஎம்5 போர்டு (ரைசன் 7000 சிப்கள் பொருந்தும் வகை) இருந்தால் எக்ஸ்போவைத் தொடாதீர்கள்.

இன்னொன்று, சோதனை நடந்த பருவம். கூலர் எதுவானாலும் அறை வெப்பத்துக்கு மேல் இத்தனை டிகிரி என்றுதான் வேலை செய்யும். ஏசி போட்ட 24 டிகிரி அறையில் 82 காட்டிய சிப், ஏசி இல்லாத 36 டிகிரி அறையில் 94 பக்கம் போகும். சென்னையில் டிசம்பர் இரவில் தேறிய ஓவர்கிளாக்கை அக்னி நட்சத்திரத்தில் இன்னொரு முறை சோதிக்காமல் விட்டால் மே மாதம் அது தன் வேலையைக் காட்டும்.

மீதி சில்லறை

சோதனைக்கு முன் கோப்புகளை வேறு டிஸ்க்கில் பேக்கப் எடுங்கள், அந்த டிஸ்க்கைக் கழற்றியும் வையுங்கள். பழைய எஸ்எஸ்டி ஒன்று இருந்தால் அதில் தனி விண்டோஸ் போட்டுச் சோதிப்பது இன்னும் நல்லது. சிமாஸை கிளியர் செய்யும் (பயாஸ் அமைப்புகளைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவரும்) ஜம்பர் எங்கே என்று போர்டின் கையேட்டில் முன்பே பார்த்து வையுங்கள், திரை கருப்பாகிவிட்ட பிறகு தேடாதீர்கள். ஓவர்கிளாக்கால் சிப் கெட்டால் வாரண்டி கிடையாது என்று இன்டெல், ஏஎம்டி இரண்டுமே தெளிவாகச் சொல்கின்றன.

பயாஸ் புதுப்பிக்கும்போது யுபிஎஸ் கட்டாயம் வேண்டும், கரண்ட் போனால் போர்டே போய்விடலாம். புதுப்பிக்கும் முன் ஓவர்கிளாக் அமைப்பு முழுவதையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பதிப்பில் சேமித்த ப்ரொஃபைல் புதியதில் பல சமயம் ஏறாது. ஏறினாலும் வோல்டேஜ் நடந்துகொள்ளும் விதம் மாறியிருக்கலாம், அதனால் அந்த இரவு நேரச் சோதனையை மறுபடி ஒருமுறை ஓட்டிவிடுங்கள்.