சிங்கிள் ஃபேஸில் லேத் ஓட்டுகிறீர்களா? கன்வெர்ட்டரில் கவனிக்க வேண்டியவை

பழைய லேத் மலிவாகக் கிடைத்தது, மோட்டாரோ த்ரீ ஃபேஸ். பட்டறையில் சிங்கிள் ஃபேஸ்தான் என்றால் ரோட்டரி ஃபேஸ் கன்வெர்ட்டர் கைகொடுக்கும்; ஐட்லர் என்ற ஒரு மோட்டாரைச் சும்மா சுழலவிட்டு, சிங்கிள் ஃபேஸிலிருந்து த்ரீ ஃபேஸ் உண்டாக்கும் அமைப்பு அது. (ஒரே ஒரு மெஷினுக்கு என்றால் வி.எஃப்.டி. (மோட்டார் வேகத்தையும் மாற்றித் தரும் எலக்ட்ரானிக் டிரைவ்) போதும், என் ஓட்டு அதற்குத்தான்.)

முதலில் மோட்டார் தகட்டைப் படியுங்கள். நம் லைன் 230 வோல்ட். மோட்டார் பெரும்பாலும் 415 கேட்கும். தகட்டில் இரண்டு வோல்டேஜும் இருந்து, ஆறு முனைகளும் வெளியே வந்திருந்தால் அவற்றின் இணைப்பை ஸ்டார் முறையிலிருந்து டெல்டா முறைக்கு மாற்றி 230-இல் ஓட்டலாம். இல்லாவிட்டால் ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். ஐட்லர் மோட்டாருக்கும் இதே கணக்குதான். அது மெஷின் மோட்டாரைவிடப் பெரியதாக இருக்கட்டும்.

3 எச்.பி. மோட்டார் முழு லோடில் சிங்கிள் ஃபேஸ் லைனிலிருந்து சுமார் 15 ஆம்பியர் இழுக்கும். சாதாரண பிளக்கில் சொருகாதீர்கள். போர்டிலிருந்து தனி லைன், தனி எம்.சி.பி. போடுங்கள்.

பலர் கோட்டை விடுவது மூன்றாவது வயரில். கன்வெர்ட்டர் உண்டாக்கும் அந்த லைனில் வோல்டேஜ் லோடுக்கேற்ப ஏறி இறங்கும். அதற்கு நிற டேப் சுற்றி அடையாளம் வையுங்கள். கான்டாக்டர் (மோட்டாரை ஆன்-ஆஃப் செய்யும் மின்காந்த சுவிட்ச்) காயிலையோ கன்ட்ரோல் டிரான்ஸ்ஃபார்மரையோ அதில் கொடுத்தால் கான்டாக்டர் படபடத்துக் கருகிவிடும்.

ஐட்லர் முழு வேகம் பிடித்த பிறகே லேத்தை ஆன் செய்யுங்கள். கரண்ட் போய் வந்தால் தானாக ஓடாதபடி புஷ் பட்டன் ஸ்டார்ட்டர் அவசியம். பாடி எர்த்தை நியூட்ரலோடு சேர்க்கவே கூடாது. அப்புறம், மெயினை அணைத்தாலும் கன்வெர்ட்டரின் கெப்பாசிட்டரில் சார்ஜ் நிற்கும். மீட்டரில் பார்க்காமல் கை வைக்காதீர்கள். இணைப்பு வேலையை லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனிடமே விடுங்கள்.